6.1 எல்டிஎஸ் கெர்னல்: இரண்டரை வருடம் ஓட்டிப் பார்த்ததில்

ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கப் ஆரம்பிக்கும். கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் வட்டைக் காணோம். காலையில் போய்ப் பார்த்தால் வட்டு இருக்கும் யூஎஸ்பி பெட்டியில் நீல விளக்கு எரிந்துகொண்டிருக்கும், உள்ளே வட்டு சுற்றும் சத்தம்கூடக் கேட்கும். சர்வரைக் கேட்டால் மட்டும் அப்படி ஒரு வட்டு இல்லவே இல்லை என்று சாதிக்கும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் திரும்ப வரும், அதுவும் வேறு பெயரில். நேற்று எஸ்டிபி, இன்று எஸ்டிசி.

லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் இயங்குதளத்தின் மையப் பகுதி, அதன் 6.1 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) வரிசையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இந்த யூஎஸ்பி பெட்டிதான் ஞாபகம் வருகிறது. கெர்னலுக்கெல்லாம் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்கலாம். ஹெட்ஃபோனுக்கு எழுதுகிறோம், கீபோர்டுக்கு எழுதுகிறோம். ஒரு நிமிஷம் ஓயாமல் ஓடுகிற இதற்கு ஏன் எழுதக் கூடாது?

என் கையில் இருக்கும் கணினிகள் நாலு. ஒரு கோப்பு சர்வர், ரேக்கில் இரண்டு சர்வர்கள், எனக்கென்று ஒரு பழைய லேப்டாப். ரேக்கில் இருப்பவற்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ் தொகுப்பு (டிஸ்ட்ரோ), அதோடு வந்த 6.1. கோப்பு சர்வரிலும் லேப்டாப்பிலும் கெர்னல் குழுவின் தளமான கெர்னல்.ஆர்க் தருகிற மூல நிரலை எடுத்து நானே கம்பைல் செய்து போடுகிறேன். 6.1 வெளியானது 2022 டிசம்பர் 11. வருடத்துக்கு ஒரு கெர்னலை எடுத்து நீண்டகால ஆதரவு தருவது வழக்கம், பெரும்பாலும் அந்த வருடத்தின் கடைசி வெளியீடு. அந்த வருடத்துக்கு இது.

நான் எல்டிஎஸ்ஸுக்கு வந்த காரணம் சோம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஸ்டேபிள் என்றால் அசையாமல் கிடக்கும், ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைத்தேன். போட்ட முதல் மாதத்திலேயே மாயை கலைந்தது. வாரத்துக்கு ஒரு புது வெளியீடு, சில வாரம் இரண்டு. ஒவ்வொரு அறிவிப்பிலும் அதே வாசகம்: 6.1 பயன்படுத்துகிற எல்லோரும் மேம்படுத்தியே ஆக வேண்டும். 'வேண்டுமானால்', 'முடிந்தால்' என்கிற பேச்சே கிடையாது. எதுவும் மாறாத மாதிரித் தெரிவதற்காக வாரா வாரம் மாறிக்கொண்டே இருக்கிற ஒரு பொருளை வாங்கியிருக்கிறேன் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. அதற்கப்புறம்தான் இது எவ்வளவு நல்ல சரக்கு என்பதும் தெரிந்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். அப்புறம் மின்சாரம் போதவில்லையோ என்று தனி அடாப்டர். அப்புறம் வட்டே போய்விட்டதோ என்று கழற்றி நேரடியாகக் கணினிக்குள் இருக்கும் சாட்டா இணைப்பில் மாட்டி ஒரு ராத்திரி முழுக்க எழுதவிட்டேன். ஒரு குறையும் இல்லை. மிச்சம் இருந்தது பெட்டிக்குள் இருக்கும் பாலம் சில்லு மட்டும்தான், அதாவது ஒரு பக்கம் சாட்டாவும் மறு பக்கம் யூஎஸ்பியும் பேசுகிற அந்தச் சின்னக் கறுப்புச் சதுரம்.

கெர்னல் லாகைத் திறந்தால் விஷயம் அப்பட்டமாக இருந்தது. யூஏஎஸ் டிரைவர் (சாதனத்தோடு பேசும் கெர்னல் பகுதி) கட்டளைகளை வரிசையாக ரத்து செய்கிறது, பிறகு சாதனத்தை ரீசெட் செய்கிறது, பிறகு இன்னொரு ரீசெட், கடைசியில் கைவிடுகிறது. யூஏஎஸ் என்பது யூஎஸ்பி வழியாக வட்டுகளுக்கான ஸ்கஸி கட்டளைகளை அனுப்பும் புது முறை. பழைய முறையில் ஒரு கட்டளை கொடுத்தால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். யூஏஎஸ்ஸில் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் கொடுத்துவைக்கலாம், எது முதலில் முடிகிறதோ அது வரும். வேகம்தான். ஆனால் பாலம் சில்லுக்குள்ளேயே பதித்த மென்பொருளான ஃபர்ம்வேர் அதைச் சரியாகக் கையாள வேண்டுமே! 'எனக்கு யூஏஎஸ் தெரியும்' என்று சொல்லிக்கொண்டு வரும், சுமை ஏறியதும் கை நடுங்கும். அந்த ரகச் சில்லுகள் ஏராளம். என் பெட்டியைச் செய்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். வேறு இயங்குதளத்தில் சோதித்துப் பாருங்கள் என்று பதில் வந்தது.

கெர்னலிடம் இதற்கு மருந்து இருக்கிறது. பூட் ஆகும்போது யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவருக்கு ஒரு வரி கொடுக்கலாம்: இந்த வெண்டார் (தயாரிப்பாளர்) எண், இந்தப் பொருள் எண், அதற்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து 'யு'. இந்தச் சாதனம் யூஏஎஸ் என்று சொன்னால் நம்பாதே, பழைய முறையிலேயே பேசு என்று அர்த்தம். போட்டேன். அன்றைக்கு ராத்திரி பேக்கப் கடைசி வரைக்கும் ஓடியது. பெரிய கோப்புகளில் வேக வித்தியாசமே தெரியவில்லை. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் போகும்போது கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே பெட்டி வைத்திருக்கும் வேறொருவர் கேபிள், அடாப்டர், வட்டு என்று நான் அலைந்த மாதிரியே அலைய வேண்டும். கெர்னல் மூலத்தில் இதற்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது, யூஎஸ்பி ஸ்டோரேஜ் அடைவுக்குள். யூஏஎஸ்ஸில் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளும் சாதனங்களின் பட்டியல் அது. அதில் என் பெட்டியின் எண்களைச் சேர்த்து ஒரு பேட்ச், அதாவது திருத்தத் துண்டு, அனுப்பினேன். ஐந்தாறு வரிதான். நான் பாட்டுக்குப் பட்டியலின் கடைசியில் சேர்த்துவிட்டேன். பராமரிப்பாளரிடமிருந்து சுருக்கமாகப் பதில்: வெண்டார் எண், பொருள் எண் வரிசைப்படி அடுக்கு. கோப்பின் தலையிலேயே அது எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. கூடவே, என்ன சோதித்தாய், லாகில் என்ன வந்தது என்று விளக்கத்தில் எழுதச் சொன்னார். திருத்தி மறுபடி அனுப்பினேன்.

அதற்கப்புறம் அந்த வரி போன பாதையைப் பின்தொடர்ந்து போனதுதான் எனக்கு இந்தச் சேவையைப் புரியவைத்தது. முதலில் யூஎஸ்பி கிளையில் ஏறியது. அங்கிருந்து லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மைக் கிளையான மெயின்லைனுக்கு. அங்கே சேர்ந்த பிறகுதான் ஸ்டேபிள் கிளைகளுக்கு, அதாவது 6.1 மாதிரி ஏற்கனவே வெளியான வரிசைகளுக்கு, வரலாம், முன்னால் வர முடியாது. இந்த விதியில் மட்டும் வளைந்துகொடுக்க மாட்டார்கள். காரணமும் சரியானது. எல்டிஎஸ்ஸில் சரிசெய்துவிட்டு மெயின்லைனில் மறந்துவிட்டால், அடுத்த எல்டிஎஸ்ஸுக்குத் தாவும்போது பழைய வலி திரும்ப வந்துவிடும். மற்ற விதிகள்: பேட்ச் மாற்றத்தைச் சுற்றியிருக்கும் வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக் கூடாது, நிஜமான தொல்லை ஒன்றைத் தீர்க்க வேண்டும், பார்த்தாலே சரி என்று தெரிய வேண்டும், சோதித்திருக்க வேண்டும். புது வசதிக்கு அனுமதி இல்லை. ஆனால் புதுச் சாதன எண்கள், வன்பொருள் கோணல்களுக்கான சின்ன விதிவிலக்குகள், இவற்றுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. என் ஐந்து வரி அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது.

வெளியீட்டுக்கு முன்னால் சேரப்போகிற பேட்ச்கள் எல்லாவற்றையும் மொத்தமாக முன்வைத்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று சுமார் 48 மணி நேரம் அவகாசம் தருகிறார்கள். உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் தங்கள் போர்டுகளில் பூட் செய்து பார்த்துச் சொல்கிறார்கள். கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் இந்தக் கிளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடு 2005 மார்ச்சில் 2.6.11 கெர்னலில் தொடங்கியது. நாலாவதாக ஒரு எண் சேர்த்து 2.6.11.1 என்று வெளியிட்டார்கள். சில வாரம் கழித்து, மாற்றப் பட்டியலில் என் பெட்டியின் பெயரைப் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கோப்பு சர்வரின் பூட் வரியிலிருந்து அந்த 'யு'வை எடுத்தேன்.

ஒரு சின்ன கிளைக்கதை. லேப்டாப்பிலும் இதே மாதிரி ஒரு கோணல், மூடித் திறந்தால் டச்பேட் செத்துக் கிடக்கும். இம்மாதிரி விஷயங்களில் கெர்னல், கணினியின் பூட் மென்பொருளான பயாஸில் இருக்கும் மாடல் பெயரைப் படித்து, 'ஓ, இந்த மாடலா, இதற்கு இப்படி' என்று தனி வழி எடுக்கும். என் லேப்டாப்பின் பயாஸில் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்கிற ஆங்கில வாசகம் அப்படியே கிடந்தது. நிரப்பாமலே விற்றுவிட்டார்கள். உலகத்தில் எத்தனை கணினிகளுக்கு அதே பெயரோ! அதை வைத்து ஒரு விதிவிலக்கு எழுதினால் ஊரில் இருக்கிற டச்பேடெல்லாம் வம்பில் மாட்டும். அந்தப் பேட்சை நான் அனுப்பவேயில்லை. உறக்கத்திலிருந்து எழும்போது டிரைவரை இறக்கி ஏற்றும் நாலு வரி ஸ்கிரிப்ட்டோடு காலம் தள்ளுகிறேன்.

பாதுகாப்புப் பக்கத்துக்கு வருவோம். எல்டிஎஸ் வைத்துக்கொள்வதற்கு உண்மையான காரணம் அதுதான், பெட்டியெல்லாம் உபரி.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிபியு ஓட்டைகள் வெளியானதிலிருந்து சிபியுவின் தப்பைக் கெர்னல் சுமப்பது வழக்கமாகிவிட்டது. சிலிக்கானை யாரும் கழற்றி மாற்றப்போவதில்லை. எனவே மென்பொருள்தான் வளைந்துகொடுக்க வேண்டும். மெல்ட்டவுனுக்கு, கெர்னலின் பக்க அட்டவணையையும் (நினைவகத்தில் எது எங்கே என்ற வரைபடம்) பயனர் நிரலின் பக்க அட்டவணையையும் பிரித்துவைத்தார்கள். நிரல் கெர்னலைக் கூப்பிடும் ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும், அதற்குக் கொஞ்சம் நேரம் செலவாகும். பழைய சிபியுக்களில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியும்.

இந்தக் கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, கெர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில் இருக்கிறது. சிபியு அடைவுக்குள் 'வல்னரபிலிட்டீஸ்' என்று ஓர் அடைவு. உள்ளே ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கோப்பு. திறந்தால் ஒரே வரி: இந்தச் சிபியுவுக்கு இது பாதிப்பில்லை, அல்லது இன்ன தடுப்பு போட்டிருக்கிறேன், அல்லது பாதிப்பு இருக்கிறது. என் லேப்டாப்பில் எம்டிஎஸ் என்ற ஓட்டையின் கோப்பைத் திறந்தால், பாதிப்பு உண்டு, சிபியுவின் இடையகங்களைத் துடைக்க முயன்றிருக்கிறேன், மைக்ரோகோடு (சிபியுவுக்குள் ஏற்றும் திருத்தம்) இல்லை என்று வருகிறது. அந்த அளவுக்குப் பழைய சிபியு, அதற்கு இனி மைக்ரோகோடு வரப்போவதில்லை. முடிந்ததைச் செய்தேன், முடியாதது இது என்று கெர்னல் நேராகச் சொல்லிவிடுகிறது. பச்சை டிக் போட்டுச் சமாளிக்காத ஒரு பொருளைப் பார்ப்பது அபூர்வம். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு அந்த லேப்டாப்பில் கண்ட கண்ட நிரலை ஓடவிடுவதில்லை.

6.1-க்கு நிஜமான பரீட்சை 2023 ஜூலையில் வந்தது. ஜென்பிளீட் என்ற ஓட்டை. அப்போது கூகிளில் இருந்த டேவிஸ் ஓர்மண்டி கண்டுபிடித்தது. ஏஎம்டியின் ஜென் 2 வகைச் செயலிகளில், வெக்டர் ரெஜிஸ்டர்களின் (சிபியுவுக்குள் இருக்கும் தற்காலிகச் சேமிப்பிடங்கள்) மேல்பாதியைச் சுழியாக்கும் ஒரு கட்டளையை ஊகத்தின்பேரில் முன்கூட்டியே ஓட்டிவிட்டு, ஊகம் தப்பு என்று தெரிந்ததும் சிபியு அதைச் சரியாக வாபஸ் வாங்கவில்லை. விளைவு, வேறு ஒரு நிரல் அதே கோரில் வைத்திருந்த தகவல் இங்கே எட்டிப்பார்க்கும். சரத்தின் நீளம் எண்ணுவது, நினைவகத்தை நகலெடுப்பது மாதிரியான அன்றாட வேலைகளுக்கே நூலகங்கள் வெக்டர் ரெஜிஸ்டர்களைத்தான் எடுக்கின்றன. கடவுச்சொல்லும் அந்த வழியாகத்தான் போகிறது. கடவுச்சொல்லைப் பிடிக்கப் போதுமான வேகத்தில் உருவ முடியும் என்று காட்டினார்.

ஜூலை 24 அன்று விஷயம் வெளியே வந்தது. அதே நாளில் 6.1.41 வெளியானது. மேசைக் கணினிகளுக்கான ஃபர்ம்வேர் அந்த வருடக் கடைசிக்குத்தான் என்று தயாரிப்பாளர் பக்கம் அட்டவணை சொன்னது. கெர்னல் அதற்காகக் காத்திருக்கவில்லை. பூட் ஆகும்போது மைக்ரோகோடின் பதிப்பைப் பார்க்கும். புதுசாக இருந்தால் சும்மா இருக்கும். பழசாக இருந்தால் சிபியுவின் உள்ளமைவு ரெஜிஸ்டர் ஒன்றில் ஒரே ஒரு பிட்டை ஏற்றிவிடும். பொறியாளர்கள் இந்த மாதிரி பிட்டுகளைக் 'கோழி பிட்' என்பார்கள், பயந்தால் அணைத்துக்கொள்ள வைத்திருக்கும் சுவிட்ச். கொஞ்சம் வேகம் போகும், ஓட்டை அடைபடும். கூடவே லாகில் ஒரு வரி எழுதிவைக்கும், இன்னும் நல்ல தீர்வு வேண்டுமென்றால் தயவுசெய்து மைக்ரோகோடைப் புதுப்பியுங்கள் என்று. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 8 அன்று, டவுன்ஃபால், இன்செப்ஷன் என்று இன்னும் இரண்டு சிபியு ஓட்டைகள், கையோடு 6.1.44. அந்த மாதம் மட்டும் ரேக் சர்வர்களை இரண்டு தடவை ரீபூட் செய்தேன். கூட வேலை பார்க்கும் பையன், "அக்கா, போன வாரம்தானே பண்ணோம், மறுபடியுமா?" என்றான். "சிபியுகிட்ட போய்க் கேளுப்பா" என்றேன்.

தடுப்புகளையெல்லாம் மொத்தமாக அணைக்க ஒரு பூட் வரி இருக்கிறது, 'மிடிகேஷன்ஸ்' சமம் 'ஆஃப்'. வேகம் கூடும் என்று அதைப் பரிந்துரைப்பவர்கள் நிறைய. வலையோடு ஒட்டே இல்லாத, நீங்கள் எழுதிய நிரல் மட்டுமே ஓடுகிற கணக்குப் போடும் கணினி என்றால் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசர் ஓடுகிற கணினியில் வேண்டாம். பிரவுசர் என்பதே முன்பின் தெரியாதவர்களின் நிரலை ஓட்டும் இடம்தானே.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, எது பாதுகாப்புப் பேட்ச் என்று தனியாகக் குறித்துச் சொல்ல மாட்டார்கள். மாற்றப் பட்டியலில் நூற்றுக்கணக்கான வரிகள், ஒரு வரியில் நெட்வொர்க் டிரைவரில் எண்ணிக்கை தவறு, அடுத்த வரியில் விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது. எல்லாம் ஒரே குரலில். ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. டர்ட்டி பைப் என்ற கெர்னல் ஓட்டையின் கதையைப் படித்த பிறகு கோபம் பாதி குறைந்தது.

மேக்ஸ் கெல்லர்மன் என்பவருக்கு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து புகார்: மாதாந்திர லாக் கோப்பை இறக்கினால் விரிக்க முடியவில்லை, சரிபார்ப்பு எண் தப்பு என்கிறது. கோப்பின் கடைசி 8 பைட்டுகளில் மட்டும் கோளாறு. அங்கே இருக்க வேண்டியது ஜிசிப் சுருக்கத்தின் சரிபார்ப்பு எண்ணும் நீளமும். இருந்ததோ ஜிப் கோப்பின் தலைப்பில் வருகிற பைட்டுகள். எப்போதாவது ஒரு தடவை, அநேகமாக மாதக் கடைசி நாளின் கோப்பில். முதல் புகார் 2021 ஏப்ரலில், விடை கிடைத்தது 2022 பிப்ரவரியில். கெர்னலில் பைப்புக்கான (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குழாய்) அமைப்பு ஒன்றில் ஃப்ளாக்ஸ் என்ற உறுப்புக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்க மறந்திருந்தார்கள். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பிலும் அந்த வழியாக யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், கடவுச்சொல் கோப்பு உட்பட. 5.8-லிருந்து இருந்த ஓட்டை. திருத்தம், இரண்டு இடத்தில் அந்த உறுப்புக்குச் சுழி என்று எழுதியது. மாற்றப் பட்டியலில் அந்த வரியைப் பார்த்து, 'ஆரம்ப மதிப்புதானே, அடுத்த மாதம் பார்த்துக்கலாம்' என்று நான் தள்ளியிருப்பேன், சந்தேகமே இல்லை. கெர்னலில் எந்தப் பிழை எப்போது ஓட்டையாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் பொறுக்காதே, மொத்தமாக எடுத்துக்கொள் என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான். ஆனாலும் இரண்டு சர்வரை நடுவேலையில் நிறுத்த அனுமதி வாங்கப்போகிறவளுக்கு, 'எல்லாமே முக்கியம்' என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே சிவிஇ எண்களை, அதாவது ஓட்டைகளுக்கான பொதுப் பதிவு எண்களை, கொடுக்க ஆரம்பித்தது. திருத்தம் வந்த பிறகுதான் எண் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பாதுகாப்போடு லேசாகத் தொடர்பு இருக்கலாம் என்றாலும் எண் கொடுத்துவிடுகிறார்கள். எண்கள் குவிகின்றன. ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரின் அறிக்கை நீண்டுகொண்டே போகிறது. அதில் பாதி என்னிடம் இல்லாத வன்பொருளின் டிரைவரைப் பற்றியது. இதற்கு நான் கண்ட வழி, அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பதை விட்டுவிட்டு, புது வெளியீட்டைப் போட்டுவிட்டு மறுபடி ஸ்கேன் ஓட்டுவதுதான்.

இரண்டாவது குறை சின்னது அல்ல. 2023 நவம்பர் கடைசியில் வந்த 6.1.64. எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தத்தை மெயின்லைனிலிருந்து இந்தப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தம் வேறொரு பேட்ச் ஏற்கனவே இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. அந்தப் பேட்ச் 6.1-இல் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியான பேட்ச், ஒன்று இல்லாமல் மற்றது மட்டும் வந்தால் நாசம். இடைச் சேமிப்பைத் தாண்டி நேராக வட்டில் எழுதும் நேரடி ஐ/ஓ முறையில் எழுதிய பிறகு கோப்புக்குள் நாம் எங்கே நிற்கிறோம் என்ற கணக்கு பிசகியது, எழுதியது தப்பான இடத்தில் விழுந்தது. டெபியன் 12.3-ஐ வெளியிடும் நாளன்று, டிசம்பர் 9, விஷயம் தெரிந்து இன்ஸ்டால் படிமங்களை நிறுத்தினார்கள். கெர்னலை அப்டேட் செய்யாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு மறுநாளே 6.1.66 வைத்து 12.4 கொண்டுவந்தார்கள். அது முடிந்த கையோடு 6.1.66-இல் சிலருக்கு வைஃபை உறைந்தது, அதற்காக 6.1.67.

என் கோப்பு சர்வரில் 6.1.64-ஐக் கம்பைல் செய்து வைத்திருந்தேன், ரீபூட் செய்யவில்லை. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். தப்பித்தேன். திறமையால் தப்பித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் எல்டிஎஸ்ஸை விட்டு ஓடிவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஓடி எங்கே போவது? அப்டேட்டே செய்யாமல் இருப்பது இன்னும் மோசம், அதில் ஓட்டைகள் ஊரறிய இருக்கும். பேட்ச்களைப் பொறுக்கி எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பினால், ஒன்று வந்து மற்றது வராத அதே விபத்தை நாமே தினமும் செய்வோம். என் பழக்கத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். புது வெளியீடு முதலில் லேப்டாப்பில் ஏறும். இரண்டு நாள் அதில் வேலை பார்ப்பேன். அப்புறம் ரேக்கில் ஒன்று, ஒரு வாரம் கழித்து மற்றொன்று. கோப்பு சர்வர் எப்போதும் கடைசி, அதுவும் அன்றைய பேக்கப் முடிந்த பிறகு. பூட் மெனுவில் முந்தைய இரண்டு கெர்னல்கள் எப்போதும் இருக்கும். ஜென்பிளீட் மாதிரி ஏதாவது வந்தால் இந்த வரிசையை வாரங்களிலிருந்து மணி நேரங்களுக்குச் சுருக்கிவிடுவேன்.

ரீபூட் இல்லாமல் ஓடுகிற கெர்னலிலேயே ஒட்டுப்போடும் வசதி, லைவ் பேட்சிங், 2015-இல் 4.0-லிருந்தே கெர்னலில் இருக்கிறது. ஆனால் அதற்கான பேட்ச்களை யாராவது தயாரித்துத் தர வேண்டும், கெர்னல்.ஆர்க் தருவதில்லை. சிபியு ஓட்டைகளுக்கு அது பெரும்பாலும் உதவாது, ஆரம்பத்திலேயே போட வேண்டிய தடுப்புகள் அவை. நாலு கணினிக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

எண்ணைப் பற்றி ஒரு வேடிக்கை. கெர்னலின் பதிப்பு எண்ணில் மூன்றாவது பகுதிக்கு ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியிருந்தார்கள், 255 வரை எண்ணலாம். 4.4 வரிசையும் 4.9 வரிசையும் 2021 பிப்ரவரியில் 256-ஐத் தொட்டன. அப்படியே விட்டிருந்தால் 4.4.256 தன்னை 4.5.0 என்று நினைத்துக்கொண்டிருக்கும். பதிப்பு எண்ணைக் கணக்கிடும் நிரல் துண்டு 255-லேயே நின்றுவிடும்படி செய்து சமாளித்தார்கள். ஆறு வருடம் ஓடி 4.4.302-இல் முடிந்தது அந்த வரிசை. இந்த மாதிரி ஒரு சிக்கலில் மாட்ட வேண்டுமென்றால் எத்தனை வாரம் விடாமல் வெளியிட்டிருக்க வேண்டும் என்று பாருங்கள். புது எல்டிஎஸ்களுக்கு இரண்டு வருடம்தான் உறுதி என்று 2023-இல் சொன்னார்கள். ஆள் பலம் போதவில்லை என்பது காரணங்களில் ஒன்று. நியாயமான காரணம், ஆனால் வருத்தம்தான்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்றில் பாதி 6.1.64-க்கு, பாதி அந்த மாற்றப் பட்டியலின் மௌனத்துக்கு. முதல் தடவையாக லினக்ஸ் போடுகிறவர்கள் டிஸ்ட்ரோ தருகிற எல்டிஎஸ்ஸையே வைத்துக்கொள்ளுங்கள், கம்பைல் எல்லாம் வேண்டாம். போன மாதம் வந்த லேப்டாப் என்றால் எல்டிஎஸ் வேண்டாம், அந்த வன்பொருளின் டிரைவர் அதில் இருக்காது.

போன மாதம் பேக்கப்புக்கு இன்னொரு பெட்டி வாங்கினேன். பழையது தந்த அனுபவத்தில் வேறு நிறுவனம், வேறு வடிவம், அட்டையில் அதிவேகம் என்று பெரிய எழுத்து. செருகிவிட்டு லாகைப் பார்த்தேன். அதே வெண்டார் எண், அதே பொருள் எண். அதற்குக் கீழே கெர்னல் எழுதியிருந்தது: இந்தச் சாதனத்துக்கு யூஏஎஸ் புறக்கணிக்கப்படுகிறது, யூஎஸ்பி ஸ்டோரேஜ் பயன்படுத்தப்படுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கப் ஆரம்பித்தது, ஐந்தேகாலுக்கு முடிந்தது.